உடலோடு மறைத்து எடுத்துச் செல்லச் சிறிய பிஸ்டல்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 46. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். ஒல்லியான உடல், சிறிய கை. இரவில் கடையைப் பூட்டிவிட்டு அன்றைய வசூலோடு தனியாக வீடு திரும்புகிறேன். இரண்டு முறை வழிமறிக்கப்பட்ட பிறகு கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியோடு அது கிடைத்துவிட்டது. துப்பாக்கிக் கடைக்காரர் உள்ளங்கையில் அடங்கும், .380 ரகத் தோட்டாவைச் சுடும் ஒரு பிஸ்டலைக் காட்டி, 'பையில் இருப்பதே தெரியாது' என்றார். கிளாக் 19 என்ற 9 மி.மீ. பிஸ்டலைத் தவிர வேறெதையும் வாங்காதே என்கிறார் மைத்துனர். ரிவால்வர்தான் கோளாறு செய்யாது என்பது மனைவியின் கட்சி. உரிமத்துக்கான பயிற்சி வகுப்பில் 50 தோட்டாக்கள் சுட்டதுதான் என் மொத்த அனுபவம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் உண்டு. எதை வாங்குவது?

பதில்: உங்களுக்கு யோசனை சொன்ன மூவரிடமும் ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. கடைக்காரர் மறைப்பதைப் பற்றிப் பேசுகிறார், மைத்துனர் சுடுவதைப் பற்றிப் பேசுகிறார், உங்கள் மனைவி நம்பகத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் சிறிய கை என்று நீங்களே எழுதியிருந்தும், அந்தக் கையில் எது உட்காருகிறது என்பதை மூவருமே கேட்கவில்லை. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைக்காரர் காட்டியதைவிட ஒரு படி பெரியதும், மைத்துனர் சொல்வதைவிட ஒரு படி மெலிந்ததுமான, வெறும் எடை அரைக் கிலோவை ஒட்டிய 9 மி.மீ. பிஸ்டல்தான் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். இதைச் சுட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

துப்பாக்கி சிறியதானால் சுடுவதும் எளிது என்று புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிரானது. ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றின் எடை மற்றதில் பாதியாக இருந்தால், பின்னுதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகும். எடை குறையக் குறைய அந்த உதையை வாங்கிக்கொள்வது இரும்பல்ல, உங்கள் மணிக்கட்டு. அதோடு குழல் குட்டையாவதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் சுருங்குகிறது. குறி பார்ப்பதில் கண்ணுக்குத் தெரியாமல் நேரும் சிறு பிசகு, இலக்கில் பெரிய விலகலாக வந்து விழுகிறது. கைப்பிடியும் குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்காமல் அது காற்றில் தொங்கும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் ஏறக்குறைய உங்கள் உடல்வாகு கொண்டவர்; கடையில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிய பாக்கெட் பிஸ்டலோடு வந்திருந்தார். ஏழு மீட்டரில் வைத்த தாளில் அவருடைய முதல் குண்டு நடுவட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவது இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. நான்காவதும் ஐந்தாவதும் தாளிலேயே இல்லை. இரண்டு மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) முடிந்ததும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்து கன்றியிருந்த தோலைத் தேய்த்துக்கொண்டு, 'இன்னும் எத்தனை சுட வேண்டும்?' என்று கேட்டார். அவர் கேள்வி என்னைக் கவலைப்பட வைத்த அளவுக்கு அவர் விட்ட குண்டுகள் கவலைப்பட வைக்கவில்லை. வலிக்கிற துப்பாக்கியை யாரும் பழக மாட்டார்கள். பழகாத துப்பாக்கியை இடுப்பில் சுமந்து திரிவது உங்களுக்கும் ஆபத்து, தெருவில் போகிறவர்களுக்கும் ஆபத்து.

.380 தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1908-இல் ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பாக வெளிவந்த இதற்கும், ஆஸ்திரியரான கேயார்க் லூகர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய 9 மி.மீ. பாராபெல்லத்துக்கும் குண்டின் விட்டம் ஒன்றேதான். தோட்டாக் கூட்டின் நீளம் முன்னதில் 17 மி.மீ., பின்னதில் 19 மி.மீ. ஆற்றலில் .380 ஏறத்தாழ 9 மி.மீட்டரின் பாதியை ஒட்டியே நிற்கிறது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வகுத்துக்கொண்ட சோதனையில், உடல் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் தோட்டா 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது அளவுகோல். இன்றைய நல்ல 9 மி.மீ. தற்காப்புத் தோட்டாக்கள் இதைச் சிரமமின்றி எட்டுகின்றன; குட்டைக் குழலிலிருந்து கிளம்பும் .380 ரகத்தில், பட்டதும் விரிகிற குண்டுகள் பல நேரம் எட்டுவதில்லை. இடையில் சற்றுப் பெரிய .40 தோட்டாவுக்குப் போன அதே எஃப்.பி.ஐ., 2016-இல் மீண்டும் 9 மி.மீ. பிஸ்டல்களுக்கு ஒப்பந்தம் போட்டது. உதை குறைவான தோட்டாவில் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் சில நாடுகளில் 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். எந்த ரகத் தோட்டா, எத்தனை தோட்டாக்கள், விரியும் குண்டு வைத்துக்கொள்ளலாமா, எந்த இடங்களுக்குள் எடுத்துச் செல்லக் கூடாது என்பதை உங்கள் உரிமத்திலும் சட்டத்திலும் எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டே கடைக்குப் போங்கள். .380-ஐவிட வலிய தோட்டா கூடாது என்று இருந்தால், அதற்குள்ளேயே கொஞ்சம் பெரிய உடல் கொண்ட பிஸ்டலைத் தேடுங்கள். உள்ளங்கை அளவுப் பொம்மைக்குப் போகாதீர்கள்.

இங்கே பலரும் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வால்தர் பிபிகே போன்ற பழைய .380 பிஸ்டல்கள் பலவற்றில் குழல் அசையாமல் நிற்க, ஸ்லைடின் (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி) எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டுமே உதையைத் தாங்குகின்றன. அதனால் தோட்டா சிறியதாக இருந்தும் கையில் 'சுருக்'கென்று உறைக்கும். ஸ்லைடை இழுப்பதும் கடினமாக இருக்கும். குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்து பின்வாங்கும் அமைப்புள்ள பிஸ்டல்கள் இந்த விஷயத்தில் மென்மையானவை. எனவே பெட்டியில் .380 என்று எழுதியிருப்பதை வைத்து உதை குறைவு என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி கைக்கு வருவோம். துப்பாக்கி காலியாக இருப்பதை மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குண்டறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்துகொண்டு, கடைக்காரர் காட்டும் பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடியுங்கள். கைப்பிடியின் பின்முதுகு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவில், முடிந்தவரை மேலே போய் உட்கார வேண்டும். பிஸ்டலின் குழலும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி டிரிகரின் நடுவில் படிய வேண்டும். விரல்நுனி மட்டுமே எட்டினாலோ, எட்டவைப்பதற்காகக் கை பக்கவாட்டில் திரும்பினாலோ, அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரியது. சிறிய கைக்குப் பருத்த கைப்பிடி பகை. அடுத்து ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலால் கிள்ளி இழுக்காதீர்கள். இடக்கையின் நான்கு விரல்களாலும் உள்ளங்கையாலும் மேலிருந்து ஸ்லைடைக் கவ்விக்கொண்டு, வலக்கையால் பிஸ்டலை முன்னே தள்ள வேண்டும். இப்படி இருபது முறை செய்த பிறகும் சுலபமாக வந்தால் சரி. ஸ்லைடு இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி, 2018-இல் .380-இலும் 2020-இல் 9 மி.மீட்டரிலும் வந்தது. கைவலு குறைந்தவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

மறைப்பது என்றதும் எல்லோரும் குழலின் நீளத்தைப் பார்க்கிறார்கள். குழல் இடுப்புக்குக் கீழே காற்சட்டைக்குள் போய்விடும். அரை அங்குலம் நீண்டாலும் வெளியே யாருக்கும் தெரியாது. சட்டையைத் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் அடிப்பாகம்தான். குனியும்போதும், மேலே இருக்கும் பொருளை எடுக்கக் கை தூக்கும்போதும் அது துணியில் அச்சுப் பதித்ததுபோல் தெரியும். மைத்துனர் சொல்லும் கிளாக் 19-இன் உயரம் 128 மி.மீ.; கிளாக் 43எக்ஸ் அதைவிட நன்றாக மெலிந்தது, ஆனால் உயரம் அதே 128 மி.மீ.தான். சிக் சாவர் பி365-இன் உயரமோ 110 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம், அதுவும் சரியாக உறுத்தும் இடத்தில்! ஒல்லியான உடலுக்கு இந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

2018-இல் பி365 வந்தபோது, ஓர் அங்குலத்தை ஒட்டிய தடிமனில் பத்துத் தோட்டா மேகசினை அடக்கியிருந்தது. அதுவரை அந்த அளவில் ஆறோ ஏழோ கிடைப்பதே வழக்கம். அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் பதினொன்றோடு வந்தது. 2021-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு பிளஸ்ஸும் இதே வரிசை. உங்களுக்கு நான் சொல்லும் வட்டம் இதுதான். இவற்றுள் எது என்பதை உங்கள் கைதான் சொல்ல வேண்டும். என் விருப்பத்தைச் சொல்லி அதைக் குழப்ப மாட்டேன். சுண்டுவிரலுக்கு இடம் போதவில்லையென்றால், சற்று நீண்ட அடிப்பாகம் உள்ள மேகசின் இவற்றுக்குக் கிடைக்கும்.

மைத்துனரின் கிளாக் 19 குறை சொல்ல முடியாத துப்பாக்கி. 1988 முதல் சந்தையில் இருக்கிறது, பதினைந்து தோட்டா கொள்ளும், புதியவர்கள் கையிலும் நன்றாகச் சுடும். நான் மாணவர்களுக்கு முதல் பாடம் நடத்துவதே பெரும்பாலும் அதில்தான். அகன்ற உடலும் தளர்வான மேற்சட்டையும் உள்ளவர்கள் அதை நாள் முழுதும் இடுப்பில் வைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் உடல்வாகு உள்ளவர்கள் முதல் வாரம் கட்டிக்கொண்டு போவார்கள், இரண்டாம் வாரம் உறுத்துகிறது என்று மேசை இழுப்பறையில் வைப்பார்கள், மூன்றாம் வாரம் மறந்துவிடுவார்கள். இப்படி மறக்கப்பட்ட துப்பாக்கி, பிள்ளைகள் உள்ள வீட்டில் இருக்கக் கூடாத ஒன்று.

உங்கள் மனைவியின் வாதத்தைப் பழைய காலத்துப் பேச்சென்று தள்ளிவிட வேண்டாம். ஐந்து தோட்டா கொள்ளும் சிறிய ரிவால்வரில் ஸ்லைடு இல்லை, மேகசின் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் டிரிகரை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஜே ஃபிரேம் வகை 1950 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. ஆனால் அதன் டிரிகரை இழுக்க ஐந்து கிலோவை ஒட்டிய விசை தேவை. அதன் இலேசான மாதிரிகளின் எடையோ அரைக் கிலோவுக்கும் குறைவு. தன் எடையைப்போல் பத்து மடங்கு விசையை வாங்கிக்கொள்ளும் ஒரு பொருளை அசையாமல் பிடித்துச் சுடுவது தேர்ந்தவர்களின் வேலை. ரிவால்வர் இயக்கத்தில் எளிது, சுடுவதில் கடினம். அனுபவசாலி ஒருவர் இரண்டாவது துப்பாக்கியாக அதை வைத்துக்கொள்ளலாம். 50 தோட்டா அனுபவத்தோடு முதல் துப்பாக்கியாக எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

லேசர் விளக்கெல்லாம் இப்போது வேண்டாம். குறிகள் இருட்டில் தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் திரும்புவது இரவில்.

துப்பாக்கிக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது அதைச் செருகும் உறைக்கும் இடுப்பு வாருக்கும் காட்டுங்கள். டிரிகர் வளையத்தை முழுவதும் மூடக்கூடிய, துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மடங்கிக்கொள்ளாத, கெட்டியான உறை (ஹோல்ஸ்டர்) வேண்டும்; அந்தக் குறிப்பிட்ட மாதிரிக்கென்றே வார்த்த கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் உறைகள் இதற்கு ஏற்றவை. தொளதொளவென்ற துணி உறையை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வார் தொய்வாக இருந்தால் கைப்பிடி வெளிப்பக்கம் சாயும், சட்டை துருத்தும். மெலிந்தவர்களுக்குக் கெட்டியான வாரும், கைப்பிடியை உடலோடு அணைத்து அழுத்தும் சிறு தடுப்புள்ள உறையும் செய்யும் மாயத்தை, துப்பாக்கியை மாற்றுவது செய்யாது. சாவி, சில்லறையோடு துப்பாக்கியைப் பைக்குள் போடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

நான் கண்டவரையில், கைதவறி வெடிக்கும் விபத்துகள் துப்பாக்கியை எடுக்கும்போது நேர்வதைவிட, உறையில் திரும்பச் செருகும்போது நேர்வதே அதிகம். மழைச் சட்டையின் அடியில் தொங்கும் கயிறும், அதன் நுனியிலுள்ள பிளாஸ்டிக் மணியும் உறைக்குள் மாட்டிக்கொள்ளும். அவசரமாகத் தள்ளினால் டிரிகரை உங்கள் விரல் தொட வேண்டியதே இல்லை, அந்த மணி இழுத்துவிடும். எடுப்பதற்கு அவசரம் இருக்கலாம், திரும்ப வைப்பதற்கு ஒருபோதும் அவசரமில்லை. ஒரு கையால் சட்டையை முழுவதும் விலக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை வளையத்துக்கு வெளியே நீட்டி வைத்து, மெதுவாக இறக்குங்கள். நான் சொன்ன வகைப் பிஸ்டல்கள் சிலவற்றில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு உண்டு, சிலவற்றில் இல்லை. பூட்டு உள்ளதை எடுத்தால், பயிற்சியில் ஒவ்வொரு முறை உருவும்போதும் அதை விடுவித்துப் பழக வேண்டும். இல்லாவிட்டால் தேவைப்படும் நொடியில் விரல் அதை மறந்துவிடும்.

குண்டறையில் தோட்டாவோடு சுமக்க உங்களுக்குப் பயமாக இருக்கும். அந்தப் பயம் நல்லது. அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். தோட்டாக்களை எல்லாம் வேறோர் அறையில் பூட்டிவிட்டு, காலியான பிஸ்டலின் ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டு, அதை உறையிலிட்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு வாரம் கட்டிக்கொண்டு நடமாடுங்கள். குனியுங்கள், உட்காருங்கள், படியேறுங்கள். தினமும் இரவில் எடுத்துப் பார்த்தால், உள்ளே சுடும் ஊசி ஒருமுறைகூட விடுபடாமல் அப்படியே இழுபட்ட நிலையில் இருக்கும். அதை உங்கள் கண்ணாலேயே பதினான்கு முறை பார்த்த பிறகு, எந்திரத்தை எவ்வளவு நம்பலாம், உங்கள் விரலை எவ்வளவு கண்காணிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

வாங்கிய பின், நீங்கள் உண்மையில் சுமக்கப்போகும் அதே ரகத் தோட்டா உட்பட 200 தோட்டாக்களாவது சிக்கலின்றிச் சுடாத துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். இடுப்பில் கிடக்கும் இரும்பு வியர்வையில் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் இடுங்கள். தினமும் தோட்டாவை இறக்கி மறுநாள் அதே தோட்டாவையே குண்டறைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தால், குண்டு சிறிது சிறிதாகக் கூட்டுக்குள் அமுங்கும். அப்படி அமுங்கிய தோட்டா வெடிக்கும்போது உள்ளழுத்தம் அபாயகரமாக ஏறும். புதிய தோட்டாவின் அருகில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வயதை நீங்கள் குறிப்பிடவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. இடுப்பில் இல்லாத நேரத்தில் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு பூட்டிய பெட்டி ஆகாது. அந்தப் பெட்டியின் விலையையும் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். துப்பாக்கிகளை வாடகைக்குத் தரும் சுடுதளம் ஒன்றுக்கு, பயிற்றுநரோடு ஒரு நாள் போங்கள். கைத்துப்பாக்கியின் ஓசை 140 டெசிபெல்லைத் தாண்டும், ஒருமுறை கெட்ட செவி திரும்பாது. எனவே காதுக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள். கடைக்காரர் காட்டியது, மைத்துனர் சொன்னது, நான் சொன்ன வட்டத்தில் உங்கள் கைக்குப் பிடித்தது என மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். 20 செ.மீ. வட்டம் வரைந்த தாளை ஏழு மீட்டரில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாலும் ஐந்து வினாடிக்குள் ஐந்து குண்டு. இப்படி ஆறு சுற்று, துப்பாக்கிக்கு ஒரு புதுத் தாள். களைப்பில் கடைசியாகச் சுடும் துப்பாக்கிக்கு அநியாயம் நேராமல், சுற்றுக்குச் சுற்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எதைச் சுட்ட பிறகு இன்னொரு மேகசின் நிரப்ப உங்களுக்கே கை நீண்டது என்பதையும் அந்தந்தத் தாளின் மூலையில் குறித்து வையுங்கள். மூன்று தாளிலும் வட்டத்துக்குள் எத்தனை ஓட்டைகள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்; எந்த மாதிரி, எந்த உறை என்பதை அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.